கம்பி எவ்வளவு தாங்கும்?

2012-ஆம் வருஷத்தில் சென்னைக்கு வெளியே வாழ்ந்த தமிழர்களுக்கு மின்வெட்டு என்றால் என்னவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இன்றிக் கிடந்த ஊர்கள் பல. கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் சிறு தொழிற்சாலைகள் டீஸல் எரித்து நஷ்டத்தில் ஓடின, அல்லது ஓடாமலே நின்றன. தஞ்சைப் பக்கத்தில் பம்புசெட்டை நம்பியிருந்த குடியானவன் நள்ளிரவில் கண்விழித்து மின்சாரம் வரும் வேளைக்காகக் காத்துக் கிடந்தான். அதே காலத்தில் தேசத்தின் மேற்குப் பகுதியில் மின்சாரத்தை விற்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். தெற்கே வாங்குவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். பணமும் இருந்தது. ஆயினும் சரக்கு வந்து சேரவில்லை. ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில், "பாதையில் இடமில்லை" என்பதே.

இந்தப் பதிலைச் சட்டசபையிலும் பொதுமேடையிலும் பலர் பலவிதமாக வியாக்கியானம் செய்தார்கள். வேண்டுமென்றே வஞ்சிக்கிறார்கள் என்றனர் சிலர். முன்னைய ஆட்சியின் அலட்சியம் என்றனர் வேறு சிலர். கம்பி போட்டிருக்கிறது, தூண் நிற்கிறது, பிறகு இடமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சாதாரண ஜனங்கள் கேட்டார்கள். இக்கடைசிக் கேள்விதான் நம் அபிப்பிராயத்தில் மிகவும் நியாயமானது; அதற்குத்தான் எவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஒரு மின்சாரப் பாதையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இது இஞ்சினீயர்களின் விவகாரம் என்று அரசியல்வாதிகள் ஒதுங்கிவிடலாகாது. அந்த ஓர் எண்ணைப் பொறுத்தே எந்த மாகாணம் விளக்கேற்றும், எது இருட்டில் கிடக்கும் என்பது தீர்மானமாகிறது.

மின்சாரத்தை நாம் பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீரோடு ஒப்பிட்டே பேசிப் பழகியிருக்கிறோம். ஓரளவுக்கு அந்த உவமை உதவும். அதற்கு மேல் அது நம்மை ஏமாற்றிவிடும். வாய்க்காலுக்கு மடை உண்டு. இந்த வயலுக்கு இவ்வளவு, அந்த வயலுக்கு அவ்வளவு என்று மடையைத் திறந்தும் அடைத்தும் நாம் கட்டளையிடலாம். மாறுதிசை மின்சாரம் ஓடும் பெரும் வலையிலோ அப்படிப்பட்ட மடைகள் அநேகமாக இல்லை. ஓரிடத்தில் உற்பத்தியைக் கூட்டி வேறோரிடத்தில் செலவைக் கூட்டினால், இடையிலுள்ள எல்லாப் பாதைகளிலும் மின்சாரம் தானே பங்கிட்டுக் கொண்டு ஓடும். எந்தப் பாதையில் தடை குறைவோ அதில் அதிகம். எதில் தடை அதிகமோ அதில் குறைவு. காகிதத்தில் நாம் எழுதிய ஒப்பந்தத்தை அது படித்துப் பார்ப்பதில்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து டில்லிக்கு என்று விற்ற மின்சாரம் வங்காளத்தையும் பீஹாரையும் சுற்றிக்கொண்டு போவது அன்றாட நிகழ்ச்சி.

நிற்க. ஒரு கம்பி எவ்வளவு தாங்கும் என்பதற்கு மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது உஷ்ணம். மின்சாரம் ஓடினால் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் தொய்யும். தொய்ந்த கம்பி கீழேயுள்ள மரத்தையோ வேறு பொருளையோ நெருங்கினால் தீப்பொறி தாவிப் பாதை அறுந்துவிடும். ஆகவே கம்பியின் சூடு 75 அல்லது 85 டிகிரியைத் தாண்டலாகாது என்று ஒரு வரம்பு வைத்து அமைக்கிறார்கள். காற்று வீசும் குளிர்ந்த இரவில் ஒரு கம்பி சுமக்கக் கூடியதை, காற்று அசையாத சித்திரை மாதத்து நடுப்பகலில் அதே கம்பி சுமக்க முடியாது.

இரண்டாவது எல்லை மின் அழுத்தம். நீண்ட தூரத்துக் கம்பியில் ஓரளவுக்கு மேல் பாரம் ஏற்றினால், போய்ச் சேரும் முனையில் அழுத்தம் தாழ்ந்து கொண்டே போகும். அதற்கு ஓர் இயற்கையான அளவு இருக்கிறது. அதற்குக் கீழே பாரம் இருந்தால் கம்பியே அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும், அதற்கு மேலே போனால் கம்பியே அதை விழுங்கத் தொடங்கும். நம் தேசத்தில் சாதாரணமாக உள்ள 400 கிலோவோல்ட் பாதை ஒன்றுக்கு இந்த இயற்கை அளவு சுமார் 500 மெகாவாட். உஷ்ணத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கம்பி இன்னும் எவ்வளவோ அதிகம் சுமக்கும். எனவே, "கம்பி சுடவே இல்லையே, ஏன் தர மறுக்கிறீர்கள்?" என்று கேட்பவர், மூன்று வாசலில் ஒன்றைத்தான் எட்டிப் பார்த்தவர் ஆவார்.

மூன்றாவது எல்லைதான் நுட்பமானது. ஒரே வலையில் சேர்ந்த மின்சார யந்திரங்கள் யாவும், அவை ஆயிரம் மைல் இடைவெளியில் இருந்தாலும், ஒரே தாளத்தில் சுழல வேண்டும். வினாடிக்கு 50 சுற்று என்பது நம் தேசத்துத் தாளம். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போன்றவை அவை. ஒரு மாடு சற்று முன்னே இழுக்கிறது, மற்றது சற்றுப் பின்னே வருகிறது. அந்த முன்பின் வித்தியாசத்தினால்தான் மின்சாரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகிறது. வித்தியாசம் கூடக் கூடப் போகும் மின்சாரமும் கூடும். ஆனால் ஒரே விகிதத்தில் கூடாது. முப்பது டிகிரி கோணத்திலேயே அந்தப் பாதையின் உச்ச பலத்தில் பாதி ஓடிவிடும். தொண்ணூறு டிகிரியில் உச்சம். அதற்கு அப்பால் இழுத்தால் ஓட்டம் குறையும், நுகம் முறியும், மாடுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடும். அனுபவசாலிகள் நீண்ட பாதைகளை முப்பது டிகிரிக்குச் சமீபத்திலேயே நிறுத்திக் கொள்வதன் காரணம் இதுதான். தூரம் இரண்டு மடங்கானால் உச்ச பலம் பாதியாகும் என்பதும், மின் அழுத்தம் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருபவை. 400 கிலோவோல்ட்டை விட்டு 765 கிலோவோல்ட்டுக்குத் தேசம் போனது பெருமைக்காக அல்ல.

இம்மூன்று எல்லைகளில் எது முதலில் குறுக்கிடுகிறதோ அதுவே அந்தப் பாதையின் எல்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் கணக்கு முடிந்துவிடவில்லை, இனிமேல்தான் ஆரம்பம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு பிரதேசங்களை இரண்டு பாதைகள் இணைக்கின்றன. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் தாங்கும் என்று வைத்துக் கொள்வோம். ஆகவே மொத்தம் 2000 என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்வான். ஆனால் முதல் பாதை குறுகியது, தடை குறைந்தது. மூன்றில் இரண்டு பங்கு அதில்தான் ஓடும் என்றால் என்ன ஆகும்? மொத்தம் 1500 போகும்போதே முதல் பாதையில் 1000 நிரம்பிவிடும். இரண்டாவதில் 500 தான் இருக்கும். மிச்சமுள்ள 500-க்கான இடம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. ஆகவே 2000 என்றது 1500 ஆயிற்று. இனி, முதல் பாதை திடீரென்று அறுந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அதில் ஓடியது முழுவதும் கண நேரத்தில் இரண்டாவதன் தலையில் விழும். இரண்டாவது தாங்கக் கூடியது 1000. ஆகையால் அறுவதற்கு முன்பே மொத்தம் 1000-க்கு மேல் விட்டிருக்கக் கூடாது. 1500 என்றது 1000 ஆயிற்று.

எந்த ஓர் அங்கம் எந்த நிமிஷத்தில் கெட்டாலும், மிஞ்சியவை பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டும் என்பதே உலகமெங்கும் மின்வலை நடத்துவோர் ஒப்புக்கொண்ட தர்மம். அப்படிக் கிடைக்கும் எண்ணுக்கு மொத்த மாற்றுத்திறன் என்று பெயர் கொடுக்கலாம். அதிலும் ஒரு பகுதியைக் கைகாவலாக ஒதுக்க வேண்டும்; நாளைய தேவையைப் பற்றிய மதிப்பீடு தவறலாம், பெரிய யந்திரம் ஒன்று நின்றுவிடலாம். நம் கணக்கில் அதற்கு 100 ஒதுக்கினால் மீதி 900. நீண்டகால ஒப்பந்தக்காரர்கள் ஏற்கெனவே 600 எடுத்துக் கொண்டிருந்தால், இன்று புதிதாக வந்து கேட்பவருக்குக் கொடுக்கக் கூடியது 300 மெகாவாட்தான். தூண்களை எண்ணிப் பார்த்து 2000 என்று நினைத்தவனுக்கு 300 என்று பதில் வந்தால் அவன் வஞ்சனை என்று சந்தேகிப்பதில் ஆச்சரியம் என்ன? கணக்கை விளக்கிச் சொல்லாதவர்கள்தான் அந்தச் சந்தேகத்துக்குப் பொறுப்பாளிகள்.

கைகாவல் எதற்கு என்பதை இத்தாலி தேசத்தார் ஒரே இரவில் கற்றுக் கொண்டார்கள். 2003 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அந்த இரவில் இத்தாலி தன் தேவையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வாங்கிக் கொண்டிருந்தது. அங்கே விலை மலிவு. மணி 3-1க்கு ஸ்விட்ஜர்லாந்தில் லுக்மானியர் கணவாய் வழியாகப் போகும் பாதை ஒரு மரத்தினால் அறுந்தது. அதன் பாரம் பக்கத்துப் பாதைகளில் ஏறிற்று. சான் பெர்னார்டினோ பாதை அந்த அதிகப் பாரத்தைக் கால் மணி நேரம் மட்டும் சுமக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பத்து நிமிஷம் கழிந்து ஸ்விஸ் அதிகாரிகள் இத்தாலிக்கு டெலிபோனில் பேசினார்கள். 300 மெகாவாட் குறைக்கச் சொன்னார்கள், இத்தாலியரும் குறைத்தார்கள். போதவில்லை. சூடேறித் தொய்ந்த அந்தக் கம்பியும் 3-25க்கு ஒரு மரத்தில் பட்டது. அதற்கு மேல் மூன்று நிமிஷத்துக்குள் சார்டீனியாத் தீவு தவிர இத்தாலி முழுவதும் இருண்டது. ஐந்தரைக் கோடி ஜனங்களுக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். கால் மணி நேரம் தாங்கும் என்ற கணக்கில் பிழையில்லை; அந்தக் கால் மணிக்குள் காரியத்தை முடிக்க மனிதர்களால் ஆகவில்லை. அவகாசத்தையும் கணக்கில் ஒரு சரக்காகவே வைக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் பலருக்கு உறைத்தது.

நம் தேசத்தின் பாடம் இதைவிடப் பெரியது. 2006 ஆகஸ்டில் வடக்கு வலை, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு வலைகளோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டது. 2012 ஜூலை மாதத்தில் வடக்கே மழை தவறிற்று, வெயில் கொளுத்திற்று, பயிருக்கு நீர் இறைக்கும் பம்புகளும் நகரங்களின் குளிர்சாதனங்களும் மின்சாரத்தை விழுங்கின. மேற்கிலோ மழை பெய்து தேவை தாழ்ந்திருந்தது. ஆகவே வடக்கு மாநிலங்கள் தமக்குரிய பங்குக்கு மேல் எடுத்தன. மேற்கு மாநிலங்கள் தமக்குரியதில் குறைவாக எடுத்தன. வித்தியாசம் முழுவதும் மேற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்தது. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் முக்கியமான பாதையான பீனா-குவாலியர்-ஆக்ரா மார்க்கத்தில் இரண்டு சுற்றுக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தப்படுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய ஒன்றின் தலையில் ஆயிரம் மெகாவாட்டுக்கும் மிகுதியான பாரம் ஏறியது. 400 கிலோவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் 380-க்கும் கீழே இறங்கிவிட்டது.

ஜூலை 30, திங்கட்கிழமை அதிகாலை 2-33க்கு அந்தக் கம்பி அறுந்தது. அறுந்தது என்று சொன்னோம். உண்மையில் அது அறவும் இல்லை, மரத்தில் படவும் இல்லை. கம்பியைக் காவல் காக்கும் ரிலே ஒன்று உண்டு. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கேயாவது பழுது இருக்கிறதா என்று தீர்மானிப்பது அதன் வேலை. ஓட்டம் மிக அதிகம், அழுத்தம் மிகத் தாழ்வு என்ற நிலைமையைக் கண்டு, எங்கோ தூரத்தில் பழுது என்று அது எண்ணிப் பாதையைத் துண்டித்தது. திருடனைப் பிடிக்க வைத்த காவற்காரன் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய கதைதான். மேற்கின் மின்சாரம் உடனே கிழக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கை அடைய முயன்றது. அவ்வளவு நீண்ட சுற்றுப் பாதையில் நுகம் முறியாமல் என்ன செய்யும்? வடக்கு தனித்துப் பிரிந்தது. வந்து கொண்டிருந்த மின்சாரம் நின்றது. டில்லி முதல் காஷ்மீரம் வரை விளக்கணைந்தது. அன்று மாலைக்குள் பெரும்பாடுபட்டு மீட்டார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே பாதையில் அதே காரணத்தால் மறுபடியும் விழுந்தது. இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் இருண்டது. ரெயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் பூமிக்கு அடியில் மாட்டிக் கொண்டனர்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாள் விபத்துக்கு முந்திய நிமிஷத்தில் வலையின் தாளம் வினாடிக்கு 49.68 சுற்று. அது அன்று அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேதான் இருந்தது. தேசத்தின் மொத்த உற்பத்தி மொத்தத் தேவைக்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது என்பது இதன் பொருள். தாளம் தாழ்ந்தால் அதிகம் எடுப்பவருக்கு அதிக விலை என்ற அபராத முறை அப்போது அமுலில் இருந்தது. மாநிலங்கள் தாளத்தை மட்டும் பார்த்துக் கொண்டு எடுத்தன. நாடி சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொண்டே கழுத்தை நெரித்தது போலாயிற்று. எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்தப் பாதையில் வருகிறது என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

விசாரணைக் கமிட்டி ஆகஸ்டு மாதமே அறிக்கை கொடுத்தது. பாதைகள் பல ஒரே சமயத்தில் நிறுத்தப்பட்டிருந்தமை, எச்சரிக்கைக்குப் பிறகும் பாரத்தைக் குறைக்காமை, அவசர காலத்தில் தானே பாரத்தைக் கழிக்க வேண்டிய கருவிகள் வேலை செய்யாமை என்று குற்றங்கள் பலவும் வெளியாயின. வடக்கு மாநிலங்களின் மீது பழி போடுவது அப்போது சுலபமாக இருந்தது. நாம் அப்படிச் செய்ய மாட்டோம். பயிர் வாடும்போது பம்புக்கு மின்சாரம் கொடுக்காதே என்று எந்த மந்திரிக்கும் சொல்ல எளிதன்று. நம் மாநிலத்து மந்திரிகளும் அந்த இடத்தில் வேறு விதமாக நடந்திருப்பார்கள் என்று நாம் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால், கட்டுப்பாட்டு நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சிப்பந்தி பாரத்தைக் குறை என்று சொன்னால் அதற்கு மேல் மந்திரிக்கும் பேச்சு இருக்கலாகாது. அவன் கையில் உள்ள எண் மேடைப் பேச்சுக்கு வளைந்து கொடுத்தால், வளைந்து கொடுத்த அன்றே அது எண் அல்ல.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அபாயத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறிக் கைகாவல் ஒதுக்குவதும் ஓர் அநீதியே. ஆயிரம் கொடுக்கக் கூடிய இடத்தில் எண்ணூறு என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கும் அதிகாரிக்கு ஒருவரும் தண்டனை விதிப்பதில்லை. அந்த இருநூறு மெகாவாட் கிடைக்காமல் தொழிற்சாலையை மூடியவனுக்குத்தான் தண்டனை. 2012-இல் தெற்கு வலை மற்ற வலைகளோடு ஒரே தாளத்தில் இணையவில்லை. தால்செர்-கோலார் நேர்திசைப் பாதையும், காஜுவாக்காவிலும் பத்ராவதியிலும் உள்ள நேர்திசை இணைப்புக்களுமே வடக்கே உள்ள உலகத்தோடு நமக்கிருந்த முக்கிய உறவு. தால்செர் பாதையில் பெரும்பகுதி அங்குள்ள அனல் நிலையத்தில் தெற்குக்கு ஏற்கெனவே உரிய பங்கினால் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்த சிறிய இடத்துக்குத் தெற்கிலுள்ளவர்கள் போட்டியிட்டதால், மின்சாரச் சந்தையில் ஒரே நாளில் மற்றப் பிரதேசத்துக்கு ஒரு விலையும் தெற்குக்கு அதைவிட அதிக விலையும் அடிக்கடி ஏற்பட்டன. அந்தத் தனிமையே ஜூலை மாத விபத்திலிருந்து நம்மைக் காத்தது என்பதும் உண்மை. இரு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவேதான் அந்த எண் எப்படி வந்தது என்பது பொதுஜனங்களின் சொத்தாக இருக்க வேண்டும் என்கிறோம். 1996-லேயே அமெரிக்காவில் இந்தக் கணக்குக்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டார்கள். நம் தேசத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் 2009-இல் விதி செய்தது. மொத்தத் திறன், கைகாவல், கொடுக்கக் கூடியது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு, எந்தத் தடையால் அந்த எல்லை ஏற்பட்டது என்பதோடு வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. மாநிலத்தின் எல்லைக்குள் வாங்கக் கூடியது ஓர் எண், வெளியே அனுப்பக் கூடியது வேறோர் எண். ஆடி மாதத்தில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்று வீசும்போது நமக்கு முக்கியமாவது இரண்டாவது எண். சட்டசபை அங்கத்தினர்களில் எத்தனை பேர் இவ்வெண்களை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள்? "மின்சாரம் எங்கே?" என்று கேட்பதோடு, "எந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று கருதி இந்த எல்லையை வைத்தீர்கள்? அந்தக் கம்பிக்குத் துணைக்கம்பி எப்போது வரும்?" என்று கேட்டால், பதில் சொல்பவர் வெறும் வார்த்தைகளால் தப்ப முடியாது.

2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்-ஷோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையின் முதற் சுற்று ஓட்டம் பெற்றது. தெற்கு தேசத்தின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அன்றைக்கே கதவு திறந்து மின்சாரம் கொட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஒற்றைச் சுற்று அறுந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை அல்லவா? முன்னே போட்ட கணக்கை நினைவில் வைத்திருக்கும் நேயர்களுக்கு இதில் வியப்பிராது. 2014-இல் இரண்டாவது சுற்று வந்த பிறகும், பின்னர் வேறு பாதைகள் சேர்ந்த பிறகுமே படிப்படியாக எண் உயர்ந்தது. 2020-21-இல் சத்தீஸ்கரின் ராய்கட்டிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட 800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதை முடிந்தது. அதன் பலம் 6000 மெகாவாட். முதன்முதலில் 1932-இல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டு ஆலை ஓட்டிய கொங்கு நாட்டுக்கு இந்த எண் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய பாதை வந்ததும், கட்டுப்பாட்டு நிலையத்தில் உள்ளவர்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு புதிய வரியும் ஏறியது: அதில் ஒரு துருவம் நின்றால் 3000 மெகாவாட்டுக்கு அந்த நிமிஷத்தில் யார் பொறுப்பு? மற்றப் பாதைகளில் அதற்காக எவ்வளவு இடத்தை வெறுமையாக வைத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகே, நாளைக்குத் தமிழ்நாடு வாங்கக் கூடியது இவ்வளவு என்று அவர்கள் எழுதுகிறார்கள்.